பல்லுக்கேற்ற செயின்

அன்புள்ள சகோதரிக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. தனியாகப் பதில் எழுதாமல் இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கேள்வியையே வேறு ஊர்க்காரர்களும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஓட்டிய சைக்கிள், தாத்தா ஓட்டிய சைக்கிள், மூலையில் கிடந்தது, துடைத்து எடுத்தோம், டயர் டியூப் மாற்றினோம், எல்லாம் சரியாக இருக்கிறது, புதுச் செயின் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

உங்கள் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கும் புரியட்டும். அப்பா வாங்கும்போதே அது பழைய சைக்கிள். கேரியரில் பாவும் பட்டும் கட்டிக்கொண்டு நெசவாளர் சொசைட்டிக்கும் சாயப்பட்டறைக்கும் பல வருடம் ஓடியது. பெயின்ட் உரிந்து, முன்பக்க பேட்ஜ் தொலைந்து, எந்தக் கம்பெனி என்பதற்கு ஒரே அடையாளமாக முன்பக்கப் பல் சக்கரத்தில் வெட்டிய பி.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். துருப்பிடித்த செயினைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டீர்கள். சும்மா ஓட்டினால் ஓடுகிறது. நின்று மிதித்தால் கடக்கென்று தாவுகிறது. வேறொரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்த செயின் பல்லில் உட்காரவே இல்லை. கடைசியாக ஒருவர் மோட்டார் சைக்கிள் செயினைப் போட்டால் ஜென்மத்துக்கும் தாங்கும் என்கிறார். அப்பாவோ "இப்ப வர்ற இரும்பே சரியில்லம்மா, அந்தப் பழைய செயின் ஒரு நாள் தாவினதில்ல" என்கிறார்.

உங்கள் அப்பாவிடம் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. பழைய செயின் தாவவில்லை என்று அவர் சொல்வது உண்மை. புது இரும்பு மட்டம் என்று அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. புதுச் செயின் சரியான அளவில் இருப்பதால்தான் தாவுகிறது.

இது புதிர் போலத் தோன்றும். உங்கள் வீட்டுத் தறியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. ஜக்கார்டு பெட்டியின் பக்கத்தில் நாலு பட்டை உருளை ஒன்று திரும்புகிறது அல்லவா? கோத்துக் கட்டிய அட்டைகள் அதன்மேல் மாலையாக வருகின்றன. அட்டையின் ஓரத்துத் துளைகள் உருளையின் முளைகளில் விழுந்தால்தான் ஊசிகள் தம் துளையைக் காணும். ஈரக்காற்றில் ஊறிய அட்டை மயிரிழை அளவு விரிந்தாலும் முளை பிசகும், பூ கலையும். முளைக்கு முளை எவ்வளவு தூரமோ துளைக்குத் துளையும் அவ்வளவே இருக்க வேண்டும். செயினும் பல் சக்கரமும் செய்கிற வேலை இதுதான், இரும்பில்.

செயினில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியை. ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை நம் சைக்கிள்களில் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். இரண்டாவது, உள் தகடுகளுக்கு நடுவே பல் நுழையும் அகலம். அது கியர் இல்லாத சைக்கிளில் அரைக்கால் இஞ்ச், 3.2 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. கியர் சைக்கிளில் அதைவிட ஒல்லி, சுமார் 2.4 மில்லிமீட்டர். உங்களுக்கு இரண்டாவது கடையில் கொடுத்தது கியர் சைக்கிள் செயினாகத்தான் இருக்கும். ஒல்லியான பல்லில் அகலமான செயின் ஓடும், கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். தடித்த பல்லில் ஒல்லிச் செயின் இறங்காது. டப்பாவில் 1/2 x 1/8 என்று அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் சைக்கிள் செயின் யோசனைக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வண்டிகள் பலவற்றில் ஓடும் 428 என்ற செயினுக்கும் இடைவெளி அதே அரை இஞ்ச்தான். யோசனை சொன்னவர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதன் ஆணிகளின் மேல் உருளும் ரோலர் 8.5 மில்லிமீட்டர் பருமன். சைக்கிள் செயினின் ரோலர் 7.75. சைக்கிள் பல்லின் அடிக்குழி சின்ன ரோலருக்காக வெட்டியது, பெரிய ரோலர் அதில் அடியைத் தொடாமல் பல்லின் தோளில் நிற்கும். அகலமோ இரண்டரை மடங்கு. தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சைக்கிள் செயின் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு உங்கள் சைக்கிளுக்கு வருகிறேன். மான்செஸ்டரில் தொழில் நடத்திய சுவிஸ்காரர் ஹான்ஸ் ரெனால்ட், 1880-ல் புஷ் ரோலர் செயினை உருவாக்கினார். ஆணிக்கு மேல் ஒரு குழல், குழலுக்கு மேல் சுழலும் ரோலர். தேய்மானம் ஒரே புள்ளியில் விழாமல் குழலின் நீளம் முழுக்கப் பரவியது. ஐந்து வருடம் கழித்து, 1885-ல், கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம், பெடல் நடுவில், செயின் பின்சக்கரத்துக்கு. இன்று நாம் சைக்கிள் என்று எதைச் சொல்கிறோமோ அது அன்று பிறந்தது. அதற்கு முன்பு முன்சக்கரத்தையே நேராக மிதிக்க வேண்டும் என்பதால் வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தை ஆள் உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. செயின் வந்த பிறகு வேகத்தைப் பற்களின் எண்ணிக்கை பார்த்துக்கொண்டது.

ஆரம்ப காலச் செயின்கள் பலவற்றில் ஒரு இஞ்ச் இடைவெளி. கட்டை கட்டையாக இரும்புத் துண்டுகளைத் தகடால் கோத்த வகை அதில் ஒன்று. அமெரிக்க சைக்கிள்களில் ஒரு இஞ்ச் செயின் 1940-கள் வரைகூட ஓடியது. அத்தகைய சைக்கிளை ஒரு பல் விட்டு ஒரு பல்லைப் பிடுங்கியது போன்ற சக்கரத்தை வைத்து அடையாளம் காணலாம். நம் பக்கம் அபூர்வம். எந்தப் பெரிய வீட்டுக் கொட்டகையிலாவது அப்படி ஒன்று அகப்பட்டால், தயவுசெய்து அரை இஞ்சுக்கு மாற்றுகிறேன் என்று பல் சக்கரத்தைக் கழற்றி எறியாதீர்கள். பல்லை எண்ணிப் பார்த்து 24, 26 என்று வந்தால் பாதிப் பல் தேய்ந்து போய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. தேயவில்லை, அது அப்படித்தான் பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு அரை இஞ்ச் முழுசாக வந்து சேர்ந்தது அம்பத்தூர் வழியாக. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951-ல் அங்கிருந்து முதல் ஹெர்குலிஸ் வெளிவந்தது. பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் பிறகு அதே குடும்பத்தில் சேர்ந்தன. 1960-ல் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. இண்டியானாபோலிஸில் 1890-ல் தொடங்கிய இந்த டைமண்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் இன்ஜினின் சுழற்சியை இரண்டு விசிறிகளுக்கும் கொண்டுபோனது அவர்கள் செய்த செயின்தான். சகோதரர்கள் இருவரும் டேட்டன் நகரில் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா, வேறெதைத் தேடுவார்கள்? விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவில் முறுக்கி, குழாய்க்குள் விட்டு ஓட்டினார்கள். கோயம்புத்தூரிலிருந்து எல்.ஜி.பி.யின் ரோலான் செயினும் பிறகு வந்தது. சைக்கிள் கடைக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரும் மனப்பாடம்.

பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனி. 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்து, பிறகு சைக்கிளுக்கு வந்தவர்கள். உங்களுடையது இங்கிலாந்தில் செய்ததா, அம்பத்தூரில் செய்ததா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்காமல் சொல்ல மாட்டேன். செயினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 1/2 x 1/8 இரண்டுக்கும் பொருந்தும்.

இப்போது புதிருக்கு வருவோம். செயின் நீண்டுவிட்டது என்கிறார்களே, தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஆணியும் குழலும் உரசித் தேய்கின்றன. எவ்வளவு உரசும் என்று ஒரு கணக்குப் போடலாம். முன்னால் 48 பல், பின்னால் 18 பல், செயினில் 110 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 28 இஞ்ச் சக்கரம். ஒரு மிதிச் சுற்றுக்கு சைக்கிள் கிட்டத்தட்ட 6 மீட்டர் போகும். 4 கிலோமீட்டருக்கு 670 சுற்று. அதற்குள் செயின் முழுதாக 290 தடவைக்கு மேல் சுற்றி வந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஆணியும் முன்பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின்பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் மடங்கி நிமிர்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வரதரைச் சேவிக்க ஒரு தரம் போனாலே ஒவ்வொரு மூட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் மடங்கிவிடும். அதுவும் தெருப்புழுதியோடு. எண்ணெயில் ஒட்டிய புழுதி அரைக்கும் மாவு.

இப்படி ஒவ்வொரு மூட்டிலும் சராசரியாக 0.066 மில்லிமீட்டர், ஒரு தலைமயிர் கனம், தேய்ந்தால் ஒரு அடி நீளத்தில் 1/16 இஞ்ச் கூடிவிடும். மொத்தச் செயினில் கால் இஞ்சுக்கு மேல். நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். உட்கார்ந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தனக்கேற்ற குழியை வெட்டிக்கொள்ளும். பல் ஒரு பக்கம் குழிந்து, நுனி கொக்கி மாதிரி வளையும். செயின் மெல்ல நீள, பல் மெல்ல வளைய, இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு கிழடாகின்றன. அதனால்தான் உங்கள் அப்பாவின் பழைய செயின் ஒரு நாளும் தாவவில்லை. அந்தக் கொக்கிப் பல்லில் சரியான அரை இஞ்ச் செயினைக் கொண்டுவந்து போட்டால் அதன் ரோலர்கள் குழிகளில் விழுவதில்லை. பாரம் முழுவதையும் ஒரே ஒரு பல் ஏற்கிறது. அழுத்தி மிதித்ததும் அடுத்த ரோலர் பல்லின் நுனியில் ஏறித் தாவுகிறது.

கழற்றிய செயினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடவில்லையே? போடவில்லை என்றால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து மறுபடி மாட்டி ஓட்டிப் பாருங்கள். தாவாமல் ஓடினால் நான் சொன்னது நிரூபணம்.

ஆனாலும் தாவலுக்கெல்லாம் செயின்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல மெக்கானிக் சாவியை எடுக்கும் முன் காதைத் தீட்டுவார். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை தரம் கடக் கேட்கிறது என்று எண்ணுங்கள். சுற்றுக்கு ஒன்று என்றால் முன்பக்கத்தில் கோளாறு. பல் சக்கரம் கோணியிருக்கலாம், ஒரு பல் உடைந்திருக்கலாம், பெரும்பாலும் பெடல் தண்டை (கிராங்கை) அச்சோடு பூட்டும் காட்டர் பின் லூசாக இருக்கும். பெடல் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒரு சின்ன வெற்றிடம் காலுக்குத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், காட்டர் பின்தான். சுற்றுக்கு இரண்டு மூன்று தரம் என்றால் பின்பக்கத்தில். 48-க்கு 18 என்னும்போது பின்பக்கப் பல் சக்கரமான ஃப்ரீவீல் ஒரு மிதிக்கு இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறது. இரண்டேகால் சுற்றுக்கு ஒரு தரம் என்றால் அது செயின் ஒரு முழுச் சுற்று வரும் நேரம். அதில் ஒரே ஒரு கண்ணி இறுகிப் போயிருக்கிறது. கடையில் சுத்தியால் ஆணியை அடித்து மூடும்போது இது அடிக்கடி நேரும். அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்து விட்டால் இளகிவிடும், செலவே இல்லை. எந்தக் கணக்குமில்லாமல், அழுத்தும்போதெல்லாம் தாவினால் மட்டுமே தேய்ந்த பல்.

இன்னொன்றும் உண்டு. பெடல் வெறுமனே முன்னால் வழுக்கி, செயின் பல்லைவிட்டு அசையாமலே இருந்தால் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. உள்ளே கெட்டியான கிரீஸ் அடைத்து வைத்திருந்தாலும் அப்படி ஆகும். ஃப்ரீவீல் சுற்றும்போது லேசாக ஆடுவதைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள், புதிதும் ஆடும்.

செயினை அளக்க தனிக் கருவி தேவையில்லை. பள்ளிக்கூட ஸ்கேலின் இஞ்ச் பக்கம் போதும். ஒரு ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். 24 கண்ணி தள்ளி வரும் ஆணியின் நடு, புதுச் செயினில் 12 இஞ்சில் நேராக நிற்கும். 12-ஐத் தாண்டி 1/16 போய்விட்டால் செயினை மாற்றும் நேரம். 1/8 போய்விட்டால் பல்லையும் சாப்பிட்டிருக்கும். இன்னும் எளிய வழி, பல் சக்கரத்தின் முன்முனையில் செயினைப் பிடித்து முன்னோக்கி இழுப்பது. பல்லின் பாதி வெளியே தெரிந்தால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது.

அப்படியானால் எதை மாற்றுவது? செயினையும் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பக்கப் பல் சக்கரத்தைத் தொடாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். 48 பல் ஒரு சுற்று சுற்றும்போது 18 பல் இரண்டரைக்கு மேல் சுற்றுகிறது. அதே உழைப்பைக் குறைந்த பற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. முதலில் சாவது எப்போதும் பின்னால்தான். இரண்டு மூன்று ஃப்ரீவீலைப் பார்த்த பிறகும் முன்பல் உயிரோடு இருக்கும். ஃப்ரீவீல் லூதியானாவிலிருந்து வந்து எல்லாக் கடையிலும் கிடக்கிறது, விலையும் குறைவு, செயின் கவருக்குள் மறைந்தும் போகிறது. பி.எஸ்.ஏ. எழுத்து வெட்டிய அந்தச் சக்கரம் போனால் உங்கள் சைக்கிளுக்குப் பெயரே போய்விடும்.

முன்பல்லும் ரொம்பக் குழிந்திருந்தால்? கிராங்கோடு மூன்று போல்ட்டில் பூட்டிய வகையாக இருந்தால், கழற்றித் திருப்பிப் போடலாம். பல்லின் ஒரு பக்கம்தான் தேய்கிறது. மறுபக்கம் கன்னி கழியாமல் இருக்கும். ஒரே சங்கடம், எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாகத் தெரியும். எனக்கு அது பிடிக்காது, உங்கள் அப்பாவுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். கிராங்கோடு சேர்த்து அடித்த வகை என்றால் திருப்ப வழியே இல்லை. பல்லை வெல்டிங் வைத்து நிரப்பி அரத்தால் ராவித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். சூட்டில் சக்கரம் கோணிப்போகும், வேண்டாம். பளபளப்புக்காகக் குரோம் பூசக் கொடுப்பதும் ஆபத்து. பூசும் முன் பஃப் போடுகிறேன் என்று பல் நுனிகளை மொழுக்கிவிடுவார்கள்.

இதே இடத்தில் ராலே வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாட்டிங்ஹாம் ராலேயின் நடு அச்சுக் கூட்டில் இழை இஞ்சுக்கு 26, மற்ற ஆங்கில வகைகளில் 24. பி.பி. செட் மாற்றும்போது பலவந்தமாக முறுக்கினால் சட்டமே போய்விடும். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் பின்பல் தனித் தகடு, ஒரு வளையக் கம்பியில் நிற்கிறது. அதைக் கழற்றித் திருப்பிப் போடலாம்.

உங்கள் ஃப்ரீவீலைக் கழற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம். ஒவ்வொரு மிதிக்கும் அது இன்னும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் கம்பிகள் எல்லாம் இருக்கும்போதே கழற்ற வேண்டும். பழைய ரிம்மை மாற்றுகிறேன் என்று முதலில் கம்பிகளை வெட்டிவிட்டால், பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது, வெறும் ஹப்பும் இறுகிய ஃப்ரீவீலும் கையில் நிற்கும்.

உங்களுடையதும் 18 பல்லாக இருந்தால், அதற்குப் பதில் 20 பல் வாங்குங்கள் என்பது என் யோசனை. தினமும் வேலைக்கு ஓட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். 6 மீட்டருக்குப் பதில் மிதிக்கு ஐந்தேகால் மீட்டருக்குச் சற்று மேல் போகும். கால் வலி தெரியாது. செயினில் ஒரு கண்ணி அளவு கூடுதல் தேவை என்றாலும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், பின் அச்சை அதன் பிளவில் கால் இஞ்ச் முன்னால் தள்ளினால் சரியாகிவிடும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்க முடியும். ஒற்றையாகக் குறைக்க வேண்டுமென்றால் வளைந்த அரைக் கண்ணி ஒன்று உண்டு. பாரம் இழுக்கும் சைக்கிளில் அதை நம்ப மாட்டேன்.

இந்த இரட்டைப்படை விவகாரத்தில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. தேயும்போது உள் கண்ணியின் நீளம் மாறுவதில்லை. வெளிக் கண்ணி மட்டுமே நீள்கிறது, ஏனென்றால் தேய்வது ஆணிக்கும் குழலுக்கும் நடுவில். பல்லும் இரட்டை, கண்ணியும் இரட்டை என்றால் ஒரே பல் எப்போதும் ஒரே வகைக் கண்ணியைத்தான் சந்திக்கும். ஆகவே ஓவராயில் செய்யச் செயினைக் கழற்றும்போது ஒரு பல்லிலும் அதில் உட்கார்ந்த கண்ணியிலும் துளி பெயின்ட் வைத்துக்கொண்டு, திரும்ப அதே ஜோடியாக மாட்டுங்கள். அட்டைக்கு எண் போடுகிற வீட்டில் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

எண்ணெய் விஷயம் பட்டு வீட்டுக்குத் தனி. கடைகளில் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவார்கள். அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் மிதக்கிறது, அது போகட்டும். கேரியரில் முகூர்த்தப் புடவை இருக்கும்போது ஒரு சொட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். உங்களுக்கு மெழுகு நல்லது. செயினை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பாரஃபின் மெழுகைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அதில் செயினை முக்கி, குமிழி அடங்கும்வரை வைத்து எடுங்கள். மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஆறியதும் விறைத்துப் போயிருக்கும், பெடலை நாலு சுற்று சுற்றினால் இளகிவிடும். கறை இல்லை, புழுதி ஒட்டாது. மழையில் நனைந்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அந்தக் குறை உண்டு. முழு செயின் கவரையும் கழற்றிவிடாதீர்கள். அழகுக்காகக் கழற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் யாரும் புடவை கட்டிக்கொண்டு ஓட்டுவதில்லை.

பார் வைத்த ஆண்கள் சைக்கிளைப் பெண் ஓட்டுவதா என்று தெருவில் சிரிக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. சிரிப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

1/2 x 1/8 செயின் இன்னும் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்ற உங்கள் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சைக்கிள் ஓடும் காலம் வரைக்கும் கிடைக்கும். 2001-ல் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு விரிந்த அரசின் இலவச சைக்கிள் திட்டம் இருக்கிறதே, அந்த சைக்கிள்களுக்குக் கியர் கிடையாது. அவற்றுக்கும் இதே செயின்தான். வருடா வருடம் லட்சக்கணக்கில் அவை தெருவுக்கு வரும்வரை, எந்தக் கிராமத்துக் கடையிலும் இந்த டப்பா ஆணியில் தொங்கும். பழைய பி.எஸ்.ஏ.வுக்கு உதிரி பாகம் கிடைப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புண்ணியத்தில்.

முன்பல்லையும் பின்பல்லையும் எண்ணி, செயினில் 24 கண்ணியை அளந்து, முன்பக்கப் பல் சக்கரம் போல்ட்டில் நிற்கிறதா கிராங்கோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோகும். அப்பாவை எண்ணச் சொல்லிவிட்டு நீங்களும் தனியாக எண்ணினால் இன்னும் நல்லது. அவருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்

பி.கு.: புதுச் செயினைப் பூட்டும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்று விழும். மேல் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் இஞ்ச் ஆட வேண்டும். பெடலைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் வைத்துத்தான் பின் நட்டை முடுக்க வேண்டும்.